ஜன்னல் மாற்றப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், கட்டிய வீட்டைப் பழுது பார்ப்பது அதைவிடப் பெரும்பாடு என்பதைச் சொல்லாமலே விட்டுவிட்டார்கள்! அதிலும் ஜன்னல் இருக்கிறதே, அது சமாசாரமே தனி. சுவருக்கு வண்ணம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பொங்கலுக்கு மாற்றி அடித்துக் கொள்ளலாம். ஜன்னலை அப்படி மாற்ற முடியுமா?

எங்கள் வீடு சென்னை திருவான்மியூரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக் காற்றில் இரும்புக் கொண்டிகள் துருப்பிடித்து உதிர்ந்தன. ஐப்பசி மழை ஆரம்பித்தால் மரக் கதவுகள் ஊதிக்கொண்டு சாத்தவே வராது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது, இரண்டு கதவுகளைச் சேலை கிழித்துக் கட்டி வைத்தோம். போதாக்குறைக்கு நிலையில் கரையான்! மாமியாருக்கோ இழுப்பு, தெருப்புழுதி ஆகாது. மகளும் தலைப்பிரசவத்துக்கு வரப் போகிறாள். இனிமேலும் தள்ளிப் போடுவதற்கில்லை என்று, சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் ஜன்னல் வேலையைக் கையில் எடுத்தோம்.

தேக்கு விலையைக் கேட்டதும் என் கணவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதனால் யு.பி.வி.சி. ஜன்னல் பார்க்கக் கிளம்பினோம். நான்கு கடை ஏறி இறங்கி, கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தெரிந்து கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சகோதரிகளுக்குப் பயன்பட்டால் சந்தோஷம்.

அது என்ன யு.பி.வி.சி.?

மழைக்கோட்டு, மேஜை விரிப்பு இவற்றில் இருக்கும் பி.வி.சி. வளைந்து கொடுப்பதற்குக் காரணம், அதில் சேர்க்கும் மென்மையூட்டி. அதைச் சேர்க்காமல் கெட்டியாகச் செய்வதுதான் யு.பி.வி.சி. இந்த ஜன்னல்கள் 1950களில் ஜெர்மனியில் தோன்றியவை. கரையான் அரிக்காது, துருப்பிடிக்காது, மழையில் ஊதாது, பெயின்ட் அடிக்கும் செலவும் இல்லை. ஆனால், வெள்ளையாக இருப்பதெல்லாம் பால் ஆகுமா? தரத்தில் ஏகப்பட்ட வித்தியாசம் இருக்கிறது.

வெட்டுத் துண்டைக் கேளுங்கள்

கடையில் மாட்டி வைத்திருக்கும் அழகான ஜன்னலைப் பார்த்து மயங்காதீர்கள். "சட்டத்தின் வெட்டுத் துண்டு ஒன்று காட்டுங்கள்" என்று கேளுங்கள். உள்ளே தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். வெயிலும் சத்தமும் சட்டத்தின் வழியாக எளிதில் உள்ளே வராமல் தடுப்பவை இந்த அறைகள்தாம்.

அடுத்து, நடு அறைக்குள் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் சட்டம் புயல் காற்றில் வளைந்துவிடும். நாங்கள் போன ஒரு கடையில் சதுர அடிக்கு மிகக் குறைந்த விலை சொன்னார்கள். துண்டைக் கேட்டபோது, "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று மழுப்பினார்கள். வற்புறுத்தி வாங்கிப் பார்த்தால், உள்ளே இரும்பே இல்லை! விலை ஏன் குறைவு என்பது அப்போதுதான் விளங்கிற்று.

வெளிச்சுவரின் கனத்தையும் கேளுங்கள். ஐரோப்பியத் தர விதியில், கண்ணுக்குத் தெரியும் பக்கம் குறைந்தது 2.8 மி.மீ. இருந்தால் 'ஏ' வகுப்பு, 2.5 மி.மீ. இருந்தால் 'பி' வகுப்பு. அதே விதியில் கடும் வெயிலுள்ள இடங்களுக்கு 'எஸ்' என்று தனிப் பிரிவும் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். வெயிலில் மஞ்சளாகாமல் காப்பது, கலவையில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடு. ஈயம் கலக்காத சட்டமா என்பதையும் கேளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடாயிற்றே!

தள்ளுவதா, திறப்பதா?

தள்ளு ஜன்னல் இடத்தை அடைக்காது. ஆனால் இரண்டு கதவு ஜன்னலில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்க முடியும். கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல் முழுசாகத் திறக்கும்; சாத்தினால் ரப்பர் பட்டையில் அழுந்தி, மழையையும் புழுதியையும் நன்றாகத் தடுக்கும். மாமியார் அறைக்குத் திறக்கும் வகையும், கூடத்துக்குத் தள்ளும் வகையும் போட்டோம்.

திறக்கும் வகையில் ஒரு சிக்கல் உண்டு. கதவு வெளியே திறந்தால் கம்பி உள்பக்கம்தான் வர வேண்டும். கொசுவலை எந்தப் பக்கம், கம்பியைத் தாண்டிக் கை விட்டுக் கதவைச் சாத்த வருமா என்பதையெல்லாம் காகிதத்தில் வரைந்து காட்டச் சொல்லிவிட்டு முன்பணம் கொடுங்கள். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. ஆகவே வலை இல்லாத ஜன்னலே நம் வீட்டில் இருக்கக் கூடாது.

கடலோரத்தில் இருப்பவர்கள் கீல், திருகாணி, தாழ்ப்பாள் எல்லாம் '316' ரகத் துருப்பிடிக்காத எஃகுதானா என்று கேட்டு, அதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

கொசுவலை பூச்சியைத்தான் தடுக்கும், குழந்தையைத் தாங்காது! மாடி வீடென்றால் கம்பி கட்டாயம் வேண்டும். கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். ஜன்னல் ஓரமாகக் கட்டிலோ ஸ்டூலோ போடாதீர்கள். தாழ்வான ஜன்னலுக்கு டஃபன்டு கண்ணாடி கேளுங்கள். உடைந்தாலும் கத்தி போலச் சில்லாகாமல், மழுங்கிய சிறு துண்டுகளாக உதிரும். லாமினேட்டட் கண்ணாடியானால், உடைந்த துண்டுகள் நடுவிலுள்ள மெல்லிய தாளிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

மேற்கு வெயில் அடிக்கும் சுவரா? சட்டம் எவ்வளவு நல்லதானாலும் சாதாரணக் கண்ணாடி வெயிலை உள்ளே விட்டுவிடும். சன்ஷேடோ, வெளிப்பக்கம் ஒரு தட்டியோ இருந்தால்தான் அறை தணியும்.

பொருத்தும்போது பக்கத்தில் இருங்கள்

பூச்சு வேலையும் ஜன்னலடிக் கல்லும் முடிந்த பிறகே அளவெடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கல் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். யு.பி.வி.சி. வெயிலில் விரியும். 2 மீட்டர் நீளச் சட்டம் 20 டிகிரி சூட்டு மாற்றத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். அதனால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, அதை நுரையாலும் சிலிக்கான் பசையாலும் அடைப்பதுதான் முறை. சிமெண்டை வைத்து இறுக்கி அடைக்க விடாதீர்கள்.

சட்டத்தின் அடியில் சின்னத் துவாரங்கள் இருக்கும். மழைத் தண்ணீர் வடிவதற்கான வழி அது. பூச்சு வேலையில் அடைபட்டால் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும்! ஜன்னலின் மேல் ஒட்டிவரும் காப்புத் தாளையும் வேலை முடிந்தவுடன் உரித்துவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் பசை ஒட்டிக்கொண்டு படாத பாடு படுத்தும்.

விலை பேசும்போது கண்ணாடி, கொசுவலை, பொருத்துகூலி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்தா என்று தெளிவாகக் கேளுங்கள். உத்தரவாதம் சட்டத்துக்கு மட்டுமா, கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் உண்டா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பராமரிப்பு சுலபம்

இளம் சோப்புத் தண்ணீரில் மெத்தென்ற துணியை நனைத்துத் துடைத்தால் போதும். தின்னர், பெட்ரோல், கம்பி நார் கூடவே கூடாது. தள்ளு ஜன்னலின் தடத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், புழுதி ஒட்டிக்கொண்டு இறுகிவிடும். சிலிக்கான் ஸ்பிரே நல்லது. ஐப்பசி பிறக்கும் முன் வடிகால் துவாரங்களை ஈர்க்குச்சியால் ஒருமுறை குத்திவிடுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். இந்த ஜன்னல்கள் காற்றுப் புகாமல் சாத்திக்கொள்ளும். பழைய மர ஜன்னலில் இடுக்கு வழியாகக் காற்று வந்து போகும். இதில் அந்த வசதி கிடையாது. ஆகவே அடுக்களையில் சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், அல்லது காற்றை வெளியேற்றும் விசிறி போடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும் என்பதை மறக்க வேண்டாம். காலையில் தெருவில் புழுதி கிளம்பும் முன்பே எல்லா ஜன்னல்களையும் ஒரு அரை மணி நேரமாவது திறந்துவிடுகிறேன். பிறகு சாத்திவிட்டால் மாமியாருக்குத் தூசித் தொல்லை இல்லை. பேரனும் பகல் தூக்கம் கலையாமல் தூங்குகிறான். சீட்டுப் பணம் வீண் போகவில்லை!