முறுக்காமலே இரையும் கப்சாய்

மாணவர்களே, கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் ஓடும் ஹோண்டா இ.எக்ஸ்.5 போன்ற கப்சாய்களில் கைக்கிளட்ச் கிடையாது. இயந்திரத்தின் சுழற்சி கூடும்போது மையவிலக்கு விளைவால் கிளட்ச் தானே பிடித்துக்கொள்ளும். அதனால், முறுக்காமலே இயந்திரம் வேகமாக இரைந்தால், கியரில் நிற்கும் வண்டி சிவப்பு விளக்கிலும் முன்னே நகரும்.

உடனே கார்புரேட்டர் திருகைத் தொடாதீர்கள். பெரியவர் துணையோடு, திறந்தவெளியில், நியூட்ரலில் ஹேண்டிலை இருபுறமும் திருப்புங்கள். இரைச்சல் ஏறினால், முறுக்குப் பிடியின் கேபிள் இழுபடுகிறது.

ஏறவில்லையா? கார்புரேட்டரும் இயந்திரமும் சேரும் இடத்தில் சவர்க்கார நீரைத் தெளியுங்கள். நீர் ஓட்டையைச் சற்றே அடைப்பதால் இரைச்சல் மாறினால், அங்கே காற்று நுழைகிறது. அந்தக் கூடுதல் காற்றால் கலவையில் பெட்ரோல் விகிதம் குறைந்து இயந்திரம் அதிகம் சூடாகும். திருகு ஓட்டையை அடைக்காது, கேஸ்கெட்டை மாற்றுங்கள். பிறகே திருகால் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்றுக்குச் சரிசெய்யலாம்.