மலையேறும்போது கரடிக்குக் கேட்கட்டும்!

புரட்டாசி பிறந்தால் போதும், திருவள்ளூர்ப் பக்கம் மஞ்சள் புடவைகள் தெருவுக்குத் தெரு தென்படும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் தங்கை மகளும் அவள் தோழிகள் நாலு பேரும் போன வருடம் திருமலைக்கு நடந்தே ஏறுவதாக வேண்டிக்கொண்டார்கள்.

"விடியக்காலை இருட்டிலேயே கிளம்பிட்டா வெயிலுக்கு முன்னாடி ஏறிடலாம், பெரியம்மா!"

"அது கரடி நடமாடற நேரம்டி" என்றேன். சிரித்தாள்.

சிரிக்கிற விஷயமில்லை. திருமலையைச் சுற்றியிருப்பது சேஷாசலம் காடு. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது உங்களுக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு நடந்து போகிறவர்களுக்குத் தேவஸ்தானம் ஆளுக்கொரு கைத்தடி கொடுத்தது. பாதையோரம் வைத்த கேமராக்களில் சிறுத்தையோடு கரடியும் பதிவாயிற்று.

சிறுத்தை போல நம் காட்டுக் கரடி கறிக்கு அலைவதில்லை. கறையான்தான் அதற்குப் பலகாரம். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு கிடையாது; அந்தச் சந்து வழியாகப் புற்றிலிருந்து 'சர்'ரென்று உறிஞ்சும். நூறு மீட்டருக்கு அப்பாலும் அந்தச் சத்தம் கேட்குமாம். ஆபத்தே இதில்தான் இருக்கிறது. புற்றுக்குள் மூக்கை நுழைத்துவிட்டால் நாம் வருவது அதற்குத் தெரியாது. கண்பார்வையும் மட்டு. திடீரென்று பத்தடியில் மனிதர் நின்றால் பயந்து போய்ப் பாயும். முகத்தையும் தலையையும்தான் பிறாண்டும். முதுகில் குட்டிகளைச் சுமந்து வரும் தாய்க்கரடி என்றால் கேட்கவே வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு நண்பர்கள் கதையை நம்பி மரத்தில் ஏறிவிடாதீர்கள். தேனுக்காக மரமேறிப் பழகியது அது! ஓடினாலும் நம்மைவிட வேகமாக ஓடிவரும்.

ஆகவே, நாம் வருவது அதற்கு முன்கூட்டியே தெரியவேண்டும். நாலைந்து பேராகச் சேர்ந்து, விடிந்த பிறகு, "கோவிந்தா! கோவிந்தா!" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போங்கள். செல்போன் பாட்டைக் காதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். (பெண்கள் ஓயாமல் பேசுகிறார்கள் என்று குறை சொல்லும் கணவன்மார்கள் இந்த ஒரு இடத்தில் வாயை மூடிக்கொள்ளட்டும்.) அவசரத்துக்கு ஒதுங்க வேண்டுமென்றால் கூச்சப்பட்டுத் தனியாகப் புதருக்குள் போகாமல், பாதையோரக் கழிப்பறை வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தில் கரடி தெரிந்தால் கல்லெறிவதோ படம் பிடிப்பதோ வேண்டாம். முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். அப்படியும் பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, பிடரியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, அது விலகிப்போகும் வரை அசையாமல் இருக்க வேண்டும். தோளில் மாட்டிய பை முதுகிலேயே இருக்கட்டும்.

காயம் பட்டால் மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். ரத்தம் பெருகினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். சின்னக் கீறலானாலும் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நாய்க்கடிக்குப் போடும் வெறிநோய்த் தடுப்பூசி இதற்கும் அவசியம்.

கூடாரம் போட்டுக் காட்டோரம் தங்கும் மோகம் இப்போது நம் பெண்களுக்கும் வந்திருக்கிறது. சாப்பாட்டு மூட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதற்கு மோப்ப சக்தி ரொம்ப அதிகம். நீலகிரியில் கோயில் விளக்கு எண்ணெயைக் குடிப்பதற்கே கரடி கதவை உடைத்துக்கொண்டு வருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

என் பெண் சொன்னபடி கேட்டு, நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் ஏறினாள். சாயங்காலம் போன் வந்தது. குரல் கம்மிப் போயிருந்தது.

"கோவிந்தா போட்டே தொண்டை கட்டிடுச்சு, பெரியம்மா. கரடி ஒண்ணும் வரலை. குரங்குதான் என் தேங்காயைப் பிடுங்கிட்டுப் போயிடுச்சு!"