செங்கமாரி என்ற ஒரே சொல்லுக்குள்

வன்னியில் ஒருவருக்குச் செங்கமாரி என்றால் போதும், கீழ்க்காய்நெல்லி அரைபடத் தொடங்கிவிடும். இறைச்சி கூடாது, பொரியல் கூடாது. கண்ணில் மஞ்சள் இறங்கினால் நோயும் போயிற்று. 2009இல் செட்டிக்குளம் மெனிக்பாம் முகாம்களில் செங்கமாரி பரவியதைக் கண்டவர்களுக்கு இந்த நம்பிக்கை இன்னும் உறுதி. அது ஏ வகை வைரசு. அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் வந்து, பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். கீழ்க்காய்நெல்லி பெயர் வாங்கியதும் இப்படித்தான்.

அதே சொல்லுக்குள் பி, சி என்று வேறு இரண்டு வைரசுகளும் இருக்கின்றன. இவை தண்ணீரில் வருவதில்லை. இரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளை என்று எச்.ஐ.வி வருகிற அதே வழிகளில் வருகின்றன. அதனால் ஒன்று உள்ள உடம்பில் மற்றதும் இருக்கலாம். உலகில் ஏறத்தாழ 27 இலட்சம் பேரிடம் எச்.ஐ.வியும் பி வைரசும் சேர்ந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நமது நாட்டில் இரண்டுமே குறைவு. குறைவு என்பதாலேயே யாரும் வாய் திறப்பதில்லை.

வளர்ந்த ஒருவருக்கு பி தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதைத் துரத்திவிடும். எச்.ஐ.வி தாக்குவதோ அந்தச் சக்தியைத்தான். ஆகவே பி உள்ளேயே தங்கிவிடும் வாய்ப்புக் கூடுகிறது. ஈரல் சுருக்கமும் புற்றுநோயும் முந்தி வருகின்றன. கண் மஞ்சளாகாமலே வருடக்கணக்கில் இது நடக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், ஆங்கிலத்தில் இருந்த கிளினிக் துண்டொன்றைக் கொண்டுவந்து, "சேர், இதில என்ன எழுதியிருக்கு?" என்றார். இரண்டு தொற்றும் இருந்தன. மாத்திரையை அரிசிப் பீப்பாவுக்குள் ஒளித்து வைத்துக் குடித்து வந்தவர், நோன்பு பிறந்ததும் நிறுத்திவிட்டார். சஹருக்கு முழு வீடும் ஒன்றாக இருக்கும்; என்ன குளிசை என்று கேட்டால் என்ன சொல்வது? ஹஜ்ஜுப் பெருநாள் கிட்டும்போது கண் மஞ்சளானது. வீட்டில் கொடுத்தது கீழ்க்காய்நெல்லி.

நடந்தது இதுதான். எச்.ஐ.விக்குக் கொடுக்கும் மாத்திரையில் உள்ள டெனோபோவிரும் லாமிவுடினும் பி வைரசையும் அடக்குபவை. ஒரு மாத்திரை, இரண்டு வேலை. நிறுத்தினால் இரண்டு வைரசும் எழும்பும். பி திடீரென்று எழும்பினால் ஈரல் செயலிழந்து உயிரே போகலாம். அவர் தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். நாளுக்கு ஒருமுறை குடிக்கும் மாத்திரையை இஃப்தாருக்குப் பிறகு குடித்திருக்கலாம். நோன்பே ஏலாத நோயாளிக்கு சூரத்துல் பகராவின் 185ஆம் வசனம் தந்த சலுகையும் இருக்கிறது. அவருக்கு வெட்கத்துக்குத்தான் சலுகை கிடைக்கவில்லை.

சி வைரசுக்குத் தடுப்பூசி இல்லை; ஆனால் சொபோஸ்புவிர் முதலிய மாத்திரைகளைப் பன்னிரண்டு வாரம் குடித்தால் பெரும்பாலானோருக்குக் குணமாகிவிடும். எச்.ஐ.வி உள்ளவர்களுக்கும் அப்படித்தான். பி வைரசுக்குத் தடுப்பூசி உண்டு. 2003இலிருந்துதான் நம் குழந்தைகளுக்கு அதைப் போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்களில் அநேகர், என்னையும் சேர்த்து, போடாதவர்களே. காய்ந்த இரத்தத்தில் பி வைரசு ஏழு நாளாவது உயிரோடிருக்கும். ஒஸ்தா மாமா மீது எனக்கு மரியாதை உண்டு, ஒரே கத்தியால் நாலு பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்வதில் இல்லை.

வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகளின் மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி, பி, சி மூன்றையும் பார்க்கிறார்கள். 'அன்பிட்' என்ற ஒரு சொல்லோடு ஊர் திரும்பும் பிள்ளை, எது, ஏன் என்று கேட்க வேண்டும். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றிலும் அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. காசு இல்லை, விபரம் வெளியே போகாது.

துண்டைக் கொண்டுவந்தவர் பிறகு மனைவியிடம் சொன்னார். பல நாள் வீட்டில் பேச்சில்லை. அதன்பின் அவவே அவரோடு கிளினிக்குக்கு வந்தா. சோதனையில் அவவுக்கு இரண்டும் இல்லை. பி தடுப்பூசியின் முதல் ஊசியை அன்றே போட்டார்கள். இரண்டாவது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதத்தில்.