ஆள் தேவை போர்டு எந்த ஊரில் தொங்குகிறது?

திருப்பூரில் வேலை போனதற்குக் கடிதம் வருவதில்லை. முதலில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட்டாகும். ராத்திரி எட்டரை வரை எரிகிற லைட் ஐந்தரைக்கே அணையும். அடுத்த வாரம் வியாழக்கிழமையே லைன் நின்றுவிடும். அப்புறம் ஒரு சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு சூப்பர்வைசர் சொல்வார்: "அண்ணா, திங்கக்கிழமை வர வேண்டாங்க. ஆர்டர் வந்தா நானே போன் பண்றேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆர்டர் வந்தால் உண்மையாகவே கூப்பிடுவார்கள். ஆனால், நான் வேலையில் இருக்கிறேனா, இல்லையா என்று டெய்லருக்கே தெரியாத ஒரு மாதம் அப்படி ஓடிப்போகும். அந்த மாதத்தில்தான் வேறு ஊரிலிருந்து அழைப்பு வருகிறது. "பெங்களூர்ல மச்சான் இருக்கான், பொம்மனஹள்ளியில ஆள் எடுக்கறாங்களாம்", "ஏஜென்ட் ஜோர்டானுக்கு டெஸ்ட் வைக்கிறாராம்", "கோயமுத்தூர்ல பம்ப் கம்பெனியில கேட்டிருக்கேன்." முடிவெடுக்க வேண்டியவர் கையில், வேலை போனதற்கு ஒரு தாள்கூட இல்லை.

2025 ஆகஸ்ட்டில் இது ஒரு வீட்டுக் கதையாக இல்லாமல் ஊர்க் கதையானது. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 7-ம் தேதி 25 சதவிகிதம் கூடுதல் வரி போட்டது. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 27-ம் தேதி இன்னொரு 25. ஏற்கெனவே இருந்த சுங்க வரிக்கு மேல் இந்த ஐம்பது. அதே நேரத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் இலங்கைக்கும் 20; பாகிஸ்தானுக்கு 19. 1985-ல் 15 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த திருப்பூர் இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடியைத் தொடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட அமெரிக்காவுக்குப் போவது. பையர் 'ஹோல்டு' என்று ஒரு வார்த்தை மெயில் அனுப்பினால், நிட்டிங்கில் ஆரம்பித்து அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர் வரைக்கும் நின்றுபோகும்.

வேறு ஊருக்குப் போவதா என்ற கேள்வியை இங்கே பெரும்பாலும் சம்பளக் கணக்காகத்தான் பேசுகிறார்கள். அங்கே எவ்வளவு, இங்கே எவ்வளவு. அந்தக் கணக்கில் ஒரு பெரிய வரவு விட்டுப்போகிறது. அவிநாசி ரோட்டிலோ பி.என். ரோட்டிலோ நடந்து பாருங்கள். கேட்டுக்கு கேட் போர்டு தொங்கும்: ஓவர்லாக் தேவை, பேட்லாக் தேவை, சிங்கர் டெய்லர் தேவை, செக்கிங், கைமடி, அயனிங். கரண்டு கம்பத்திலும் நோட்டீஸ். சாதாரண காலத்தில் காலையில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்த டெய்லர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேறு கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்துவிடலாம். அந்தத் தெரு ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரி. பிரீமியம் கட்டியதில்லை என்பதால் அதன் மதிப்பு யாருக்கும் தெரிவதில்லை. பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போகும்போது விட்டுப்போவது இதைத்தான்.

சரி, ஊரோடு சேர்ந்து விழுந்தால் அந்த பாலிசி எதற்கு உதவும்? நியாயமான கேள்வி. 2011-ல் உதவவில்லை. அந்த ஆண்டு ஜனவரி 28-ம் தேதி, நொய்யல் பாசன விவசாயிகள் போட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள். நல்ல முதலாளி, மோசமான முதலாளி, ஐரோப்பிய பையர், அமெரிக்க பையர் என்ற பேதம் அந்தத் தீர்ப்புக்குக் கிடையாது. எல்லாரும் ஒரே ஆற்றில்தான் சாயக் கழிவை விட்டார்கள். துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கி, கம்பெனிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டன. பட்டறையில் நின்றவர்களில் பலர் ஊரைக் காலி செய்தார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்ய மாநில அரசு வட்டியில்லாமல் 200 கோடி கடன் கொடுத்து, உப்புத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்து, பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அன்றைக்கு எதிர் கேட்டில் வேலை தேடியவருக்கு எதிர் கேட்டும் மூடித்தான் இருந்தது. அப்போது வெளியூர் போனவர்கள் செய்தது சரி.

2025-ன் அடி அப்படிப்பட்டதல்ல என்பது என் அபிப்பிராயம். அது தெருவை அடிக்கவில்லை, லேபிளை அடித்தது. வால்மார்ட்டுக்கும் டார்கெட்டுக்கும் தைக்கிற கம்பெனி காலியாக இருக்கும்போது, பக்கத்துக் கட்டடத்தில் ஐரோப்பாவுக்கு ஷிப்மென்ட் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். காதர்பேட்டைச் சந்தைக்கும் வடநாட்டுக்கும் பனியன், ஜட்டி தைக்கிற உள்நாட்டுக் கம்பெனிக்கு டிரம்ப் யாரென்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அதற்குத் தீபாவளியும் பொங்கலும்தான் சீசன், நூல் விலைதான் பயம். ஆக, 2011-ல் எதிர் கேட்டுக்குப் போவதில் அர்த்தம் இருக்கவில்லை, 2025-ல் இருந்தது.

எந்தக் கம்பெனி எந்த நாட்டுக்குத் தைக்கிறது என்று எம்.டி.யிடம் கேட்க வேண்டியதில்லை. பேக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றால் போதும். பிரைஸ் டேக்கில் டாலரா, யூரோவா, பவுண்டா? பக்கத் தையலில் இருக்கும் வாஷ்கேர் லேபிளைப் புரட்டினால் 'ஆர்.என்.' என்று போட்டு ஒரு நம்பர் இருந்தால் அது அமெரிக்கச் சரக்கு. பத்து மொழியில் பருத்தி, பருத்தி என்று நீளமாக எழுதியிருந்தால் ஐரோப்பா. மடித்து பாலிபேக்கில் போடுகிற அக்காவுக்கு எந்த நாட்டு ஆர்டர் எத்தனை வாரத்துக்கு இருக்கிறது என்பது மெர்ச்சண்டைசருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தெரியும். வேலை கேட்டுப் போகிறவர் சம்பளத்துக்கு முன் அந்த அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசுவது நல்லது.

ஆனால், இந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை. அமெரிக்க ஆர்டரை இழந்த கம்பெனிகள் எல்லாம் ஐரோப்பிய பையரின் வாசலில்தான் போய் நிற்கும். அவரும் சும்மா இருக்க மாட்டார், ரேட்டைக் குறைப்பார். அந்தக் குறைப்பு கடைசியில் பீஸ் ரேட்டில் வந்து உட்காரும். கேட் திறந்திருக்கும், கூலி பழைய கூலியாக இருக்காது.

இனி பெங்களூர். பீனியா, மைசூர் ரோடு, ஓசூர் ரோடு, பொம்மனஹள்ளி. தமிழ் பேசியே காலம் தள்ளலாம் என்பது முதல் ஆசை. அங்கே பெரும்பாலும் சட்டை, பேன்ட் என்று நெய்த துணி. சிங்கர் ஓட்டியவருக்குப் பிரச்சினை இல்லை; பத்து வருஷமாக பேட்லாக்கில் பனியனுக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்த கைக்கு அது புது வேலை. திருப்பூரில் நன்றாகச் சம்பாதிக்கிற டெய்லரின் வருமானம் ஒன்றரை ஷிப்ட்டிலிருந்தும் பீஸ் ரேட்டிலிருந்தும் வருகிறது. அங்கே எட்டு மணி நேரம், மாதச் சம்பளம், மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். மாதத் தொகை பெரிதாகத் தெரியும். வாரத்தால் வகுத்துப் பார்த்தால் பலருக்கு இங்கே வாங்கியதைவிடக் குறைவாகத்தான் நிற்கும்.

இதைவிடப் பெரிய இடறல், சம்பளம் வரும் கிழமை. திருப்பூர் சனிக்கிழமையில் ஓடுகிற ஊர். சனிக்கிழமை கூலி, ஞாயிற்றுக்கிழமை கறி, திங்கட்கிழமை குழுக் கடன் தவணை. மகளிர் குழு, மைக்ரோ பைனான்ஸ், தண்டல் எல்லாம் அந்த வாரச் சுழற்சியை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றாம் தேதி பெங்களூரில் சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிவாக்கில் வரும். நடுவில் ஐந்து தவணை. ஐந்து மாதம், பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிற ஊர் வேறு. திருப்பூர் லைன் வீட்டு அட்வான்ஸை வைத்துக்கொண்டு அங்கே ஒரு அறைகூடப் பிடிக்க முடியாது. பெண்களுக்குப் பஸ் ஓசிதானே என்றால், கர்நாடகாவின் சக்தி திட்டம் அந்த மாநிலத்து அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

சம்பள ஒப்பீட்டில் யாரும் எழுதாத இன்னொரு வரி: வருகிற ஆபர் ஒருவருக்கு, திருப்பூர் சோறு போடுவது இரண்டு பேருக்கு. அவர் ஓவர்லாக், அவர் மனைவி செக்கிங். தேனியிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ குடும்பமாக இங்கே வருவதற்கு இதுதான் காரணம். "நீங்க போங்க, நான் புள்ளைகளோட இங்கயே இருக்கறேன், பரீட்சை முடியட்டும்" என்று மனைவி சொன்னால் இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு. அந்த வீட்டில் மாதம் நாலாயிரம் அதிகம் என்பது அதிகமே அல்ல.

மெர்ச்சண்டைசர் கதை வேறு. அவருடைய மூலதனம் அவர் போனில் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிற காம்பாக்டிங்காரர், லேப் டிப் ஒரே நாளில் கொடுக்கும் டையிங் மாஸ்டர், கடன் சொன்னாலும் லேபிள் அடித்துத் தருகிறவர். இந்த அறிவு ஊரைவிட்டு இறங்காது. அதனால் அவருக்கு வருகிற பெங்களூர் ஆபரில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்த வேலை அவரைத் தினமும் திருப்பூருக்குப் போன் பண்ண வைக்குமா? பெங்களூரில் இருக்கும் பையிங் ஆபீஸ்களும் பிராண்டுகளும் பனியன் துணிக்கு இங்கேதான் வருகின்றன. அவர்களுக்கு இவர் தங்கம். நெய்த துணி மட்டும் தைக்கிற கம்பெனியில் அதே சம்பளத்துக்குச் சேர்ந்தால் புது ஆள் மாதிரி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டாக்கா நல்ல சம்பளம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 2024 ஆகஸ்ட் 5-ம் தேதி ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறியதைப் பார்த்த பிறகு இங்கே அம்மாக்கள் விடுவதில்லை.

ஜோர்டானைப் பற்றி ஒரு வார்த்தை. சஹாப், இர்பித் பக்கம் தொழிற்பேட்டைகளில் வெளிநாட்டு டெய்லர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அமெரிக்காவோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் இருப்பதால் வளர்ந்த தொழில் அது. தைப்பதில் பெரும்பகுதி போவதும் அமெரிக்காவுக்கே. 2025-ல் அவர்களுக்கும் 15 சதவிகித வரி விழுந்தது. டாலர் லேபிளுக்குப் பயந்து திருப்பூரை விட்டவர் பாலைவனத்தில் போய் அதே லேபிளைத் தைப்பார். போவது என்று முடிவானால், பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயம். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டி வாங்கக் கூடாது. லட்சம் கேட்கிறவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், பேச்சு அத்தோடு முடியும்.

ஆரம்பத்தில் சொன்ன தாளுக்கு வருகிறேன். வேலை போன தேதி எங்கேயும் எழுதப்படாததால் பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதி காலியாகவே கிடக்கும். பழைய பணத்தை மாற்றவும் முடியாது, முழுதாக எடுக்கவும் முடியாது. 2020-லிருந்து, கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து அதை நாமே ஆன்லைனில் பதிவு செய்துகொள்ளலாம். இந்தப் பணம் துணித் தொழிலாளிக்கு எவ்வளவு முக்கியம் என்பதை பெங்களூர் ஒரு முறை காட்டியது: நிறுவனத்தின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று விதி வந்தபோது, 2016 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான கார்மென்ட்ஸ் பெண்கள் ஓசூர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

கிராஜுவிட்டியும் அப்படித்தான். ஐந்து ஆண்டு முடிந்தால்தான் என்று எல்லாருக்கும் தெரியும். நான்கு ஆண்டும் 240 நாளும் முடிந்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-ல் தீர்ப்பளித்தது பலருக்குத் தெரியாது. நான்கரை வருஷம் ஆனவர் வெளியூருக்கு பஸ் ஏறுவதைச் சில மாதம் தள்ளிப்போட இது போதுமான காரணம்.

ஆகஸ்ட், செப்டம்பரில் வந்த ஆபர்களுக்குத் திருப்பூர்க்காரர்களில் பலர் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "தீபாவளி முடிஞ்சு வர்றேனுங்க." இதைச் சோம்பல் என்று வெளியூர் ஹெச்.ஆர். நினைக்கலாம். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20-ம் தேதி. சட்டப்படி ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே குறைந்தது 8.33 சதவிகிதம் போனஸ் உண்டு. இடையில் நின்றவருக்கும் உண்டு. ஆனால், நின்றுபோனவர் பெங்களூரிலிருந்து போன் பண்ணிக் கேட்டால் "அனுப்பறோங்க" என்பார்கள். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் தினமும் நிற்கிறவருக்குத்தான் கவர் கைக்கு வரும்.