மீன்குஞ்சின் முதல் கவளம்

புதுக்கோட்டை ஜில்லாவில் ஜகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையினரிடம் சிறைப்படும் துயரம் நாடறிந்ததே. கடலில் கூண்டமைத்து மீன் வளர்ப்பது இவர்களுக்கு மாற்றுத் தொழிலாகலாம். அதற்குக் குஞ்சுகள் வேண்டும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2010-ல் கடல்விராலைத் தொட்டியில் முட்டையிடச் செய்து, குஞ்சும் வளர்த்துக் காட்டினர்.

ஆனால் குஞ்சைப் பிழைக்க வைப்பதே கஷ்டம். பொரிந்த இரண்டு மூன்று தினங்களில் கருவுணவு தீர்ந்து, வாய் திறக்கிறது. நீரில் அசையும் இரையையே அது கவ்வும். அவ்விரையும் அச்சிறு வாய்க்கு அடங்க வேண்டும். ஆகவே முதலில் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரையும், பின்னர் ஆர்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சையும் கொடுக்கின்றனர். இரை தாமதித்தால் குஞ்சுகள் கூட்டமாக மடியும்.

இந்த ஆர்டீமியா முட்டையைப் பெரும்பாலும் அந்நிய நாடுகளிலிருந்தே வாங்குகிறோம். அச்சிற்றுயிரோ நமது தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழ்வது! 1930-ல் வேதாரண்யத்தில் உப்புக்காகச் சிறை புகுந்த தமிழர், உப்பளத்தில் விளையும் இரைக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பது முறையா? உப்பளங்களில் ஆர்டீமியா வளர்ப்பைப் பெருக்கி, மலிவான குஞ்சுகள் புதுக்கோட்டைக் கரைக்குக் கிட்டச் செய்வது சர்க்காரின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நமது கடமை.