வீட்டையே ஓட்டிச் சென்றவர்

கடை வைத்திருப்பவருக்கு ஊர் சுற்ற நேரம் ஏது? கல்யாணம், கருமாதி என்றால் அரை நாள் கடையை அடைப்போம். அதற்கே மறுநாள் பத்துப் பேர் வந்து, "நேற்று ஏன் கடை இல்லை?" என்று கேட்டுவிடுவார்கள். 1960இல் அமெரிக்காவில் ஒரு சிறு மதுக்கடைக்காரருக்கும் இதே நிலைமைதான் இருந்திருக்கிறது.

அவர் கடைக்கு ஒருநாள் பெரிய ஆர்டர் வந்தது. விஸ்கி, ஜின், பிராந்தி, பீர் என்று பெட்டி பெட்டியாகப் போயிற்று. பெரிய விருந்து ஏதோ நடக்கப் போகிறது என்று எண்ணிக்கொண்டே சரக்கைத் தூக்கிச் சென்றவர், வாடிக்கையாளரின் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, அலமாரி என்று ஒரு வீடே இருந்தது. பார்த்த மாத்திரத்தில் தானும் கிளம்பிவிட வேண்டும் என்று அவருக்கு ஏக்கம் வந்துவிட்டது. அந்த ஊர் பிடிக்காமல் இல்லை. வண்டி எங்கே போகிறது என்றும் அவருக்குத் தெரியாது. எங்கேயாவது போனால் சரி.

அந்த வாடிக்கையாளர்தான் ஜான் ஸ்டைன்பெக். 1962இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். நம் தொழிலுக்கு அந்நியரும் அல்லர். அவருடைய தந்தை கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில் மாவு மில் மேலாளராக இருந்து, பிறகு தீவனக் கடை வைத்து நொடித்துப் போனவர்.

58 வயதில், உடல்நலம் தளர்ந்திருந்த நேரத்தில், ஸ்டைன்பெக் ஒரு ஜி.எம்.சி. பிக்கப் வண்டி வாங்கினார். அதன் முதுகில் கூண்டு போல ஒரு சிறு வீட்டை ஏற்றி, டான் குயிக்ஸோட் கதையில் வரும் குதிரையின் பெயரான ரோசினான்டே என்பதையே வண்டிக்கு வைத்தார். இன்று ஆர்.வி. என்று அழைக்கப்படும் வீட்டு வண்டிகளில் அதுவும் ஒரு வகை. துணைக்கு சார்லி என்ற வயதான பூடில் நாய். 1960 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பரிலிருந்து புறப்பட்டு, சுமார் 10,000 மைல் சுற்றி வந்தார். 'டிராவல்ஸ் வித் சார்லி' என்ற அவருடைய பயண நூல் 1962இல் வெளிவந்தது. நாம் மேலே சொன்ன மதுக்கடைக்காரரும் அதில்தான் வருகிறார்.

நூலில் உள்ளதை எல்லாம் எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. 2010இல் அதே வழியில் சென்று பார்த்த ஒரு பத்திரிகையாளர், ஸ்டைன்பெக் பல இரவுகள் ஓட்டல்களில் தங்கியிருக்கிறார் என்று எழுதினார். ஆனால் நாயைப் பற்றி எழுதியதில் அனுபவம் தெரிகிறது.

சார்லியை அவர் பயன்படுத்திய விதம் விற்பனைப் பிரதிநிதிகள் கவனிக்கத் தக்கது. முன்பின் தெரியாதவர்கள் முகாம் போட்டிருந்தால் முதலில் நாயை அவிழ்த்துவிடுவார். அது போய் வாலாட்டி நிற்கும். பின்னாலேயே இவர் போய், தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று பேச்சைத் தொடங்குவார். பிறகு ஒரு காப்பி, அரட்டை. அறிமுகச் சீட்டு இல்லாமலே அறிமுகம் முடிந்துவிடும்!

நாயால் சிக்கலும் உண்டு. நயாகரா அருகே கனடாவுக்குள் நுழையப் போனபோது, சார்லிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று கையில் இல்லை. கனடாவுக்குள் போய்விடலாம், திரும்பி வரும்போது அமெரிக்க அதிகாரிகள் விடமாட்டார்கள் என்று கனடா அதிகாரியே எச்சரிக்க, வந்த வழியே திரும்பினார். சரக்கு சரியாக இருந்தும் பில் இல்லாமல் செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிக்காரர்களுக்கு இந்த வேதனை புரியும். இப்போது விதிகள் இன்னும் கூடியுள்ளன. 2024 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவுக்குள் வரும் நாய்க்கு ஆறு மாத வயதும், உடலில் மைக்ரோசிப்பும், முன்கூட்டியே நிரப்பிய படிவமும் வேண்டும். யெல்லோஸ்டோன் பூங்காவிலோ, அதுவரை சாதுவாக இருந்த சார்லி கரடிகளைக் கண்டதும் வெறிகொண்டு குரைத்தது. அதனால் அங்கும் பயணம் பாதியில் முடிந்தது.

இந்த வண்டிக்காரர்களால் வியாபாரமும் நடக்கிறது. அமெரிக்காவில் வால்மார்ட் கடைகள் பலவற்றில், இரவு வீட்டு வண்டியை நிறுத்திக்கொள்ள மேலாளர் அனுமதிப்பது வழக்கம். வாடகை கிடையாது. இரவு தங்குபவர் காலையில் ரொட்டி, பால், ஐஸ், நாய்த் தீவனம் வாங்காமலா போவார்? காலி இடம் கல்லாவுக்கு ஆள் கொண்டுவருகிறது. ஆனால் பணம் வாங்கி முகாம் இடம் தரும் சிறு தொழில்முனைவோருக்கு இது பெரிய அடி. அவர்களுடைய எதிர்ப்பு நியாயமானது என்றே நமக்குத் தோன்றுகிறது. இவ்வாறு இரவில் நிறுத்துவதைப் பல ஊர்களின் உள்ளூர்ச் சட்டம் தடை செய்கிறது.

கடைக்காரர்கள் அறிய வேண்டிய இன்னொன்று: நாயை வண்டியில் பூட்டிவிட்டுச் சாமான் வாங்க வருகிறவர் நிதானமாக நிற்க முடியாது. வெளியே 22 டிகிரி செல்சியஸ்தான் என்றாலும், வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் இன்னொரு 22 டிகிரி ஏறிவிடும். அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறுகிறது. வாசலில் கொஞ்சம் நிழலும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்தால் செலவு ஒன்றும் இல்லை. வந்தவர் பதற்றமில்லாமல் வாங்குவார்.

கடைசியாக, பழைய நண்பர்கள். சொந்தப் பகுதியான மான்டரேக்கு வந்ததும், ஸ்டைன்பெக் பழைய நண்பர் ஒருவரின் மதுக்கடைக்குப் போனார். திரும்ப வந்துவிடு என்று நண்பர் வற்புறுத்தினார். ஆனால் அந்தக் கூட்டத்தில் பலர் இறந்து போயிருந்தார்கள். நெருங்கிய தோழரான எட் ரிக்கட்ஸ் 1948லேயே ரயில் மோதி இறந்துவிட்டார். மத்தி மீன் தொழிற்சாலைகள் போய், அவ்விடம் சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்தது. உயிரோடிருந்த சகோதரிகளுடனோ கென்னடியா நிக்சனா என்று சண்டை! ஊருக்குத் தானும் ஒரு ஆவி போலத்தான் என்று உணர்ந்து, அதிக நாள் தங்காமல் கிளம்பிவிட்டார்.

ரோசினான்டே இன்று சலினாஸில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மான்டரேயில் விங் சோங் என்ற சீன மளிகைக் கடையின் கட்டடமும் இருக்கிறது. 1945இல் அவர் எழுதிய 'கேனரி ரோ' நாவலில் வரும் லீ சோங் கடைக்கு மூலம் அதுதான். அந்த நாவலில் தெருவில் உள்ளவர்கள் எல்லோரும் லீ சோங்குக்குக் கடன் பாக்கி வைத்திருப்பார்கள்.