மலையைக் காப்போரும் வானத்தைக் காண்போரும்

புனித தமியானை மொலோக்காய்த் தீவோடு மட்டுமே சேர்த்து நினைப்பது நம் வழக்கம். ஆனால் தொழுநோயாளரிடம் செல்லுமுன், 1864 முதல் 1873 வரை, அவர் பணியாற்றியது ஹவாய் என்னும் பெரிய தீவிலே. பூனா, கொகாலா பகுதிகளில் மக்களின் மொழியைக் கற்று, அம்மொழியிலேயே அவர்களுக்குப் போதித்தார். அதே தீவில் 4,205 மீட்டர் உயர்ந்து நிற்கிறது மௌனா கேயா மலை. அம்மலையைக் குறித்து விஞ்ஞானிகளுக்கும் மண்ணின் மக்களுக்கும் இடையே எழுந்த பிணக்கு நாமும் சிந்திக்கத் தக்கது.

ஹவாய் மக்களுக்கு அது வெறும் கல்லும் மண்ணும் அன்று. வானத்தந்தையாகிய வாக்கேயாவின் தலைமகவு, ஆகவே தங்களுக்கு மூத்த உடன்பிறப்பு என்பது அவர்கள் மரபு. முன்னோரின் கல்லறைகள் அங்குண்டு. உச்சியை அடுத்த வையாவு ஏரியில் குழந்தையின் தொப்புள்கொடியைக் கொண்டுபோய் இடும் குடும்பங்களும் உண்டு. வானியலார்க்கோ, மேகங்களுக்கு மேலே ஈரமற்ற காற்றில் நிற்கும் அவ்வுச்சி, விண்மீன்களை ஆராய உலகிலேயே தலைசிறந்த இடங்களுள் ஒன்று. இரு சாராரும் வானை நோக்கியே மலை ஏறுகின்றனர் என்பதை எண்ணும்போது வருத்தமே மேலிடுகிறது.

1968-இல் மாநில அரசு உச்சிப் பகுதியை ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு 65 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஒன்றன்பின் ஒன்றாக 13 தொலைநோக்கிகள் எழுந்தன. 1998-இல் மாநிலத் தணிக்கையாளரே, மலையைப் பேணத் தவறியதாகப் பல்கலைக்கழகத்தைக் கண்டித்தார். அதன் பின்னரும், 30 மீட்டர் அகலக் கண்ணாடியோடு 18 மாடி உயரத்தில் இன்னொன்று எழுப்பத் திட்டமிட்டனர். பொதுக்கூட்டங்கள் நடைபெறாமல் இல்லை. எனினும் அறிவித்தல் வேறு, கேட்டல் வேறு. எதிர்ப்போரின் வழக்கை முறைப்படி விசாரிக்கு முன்னரே அனுமதி வழங்கப்பட்டது. திருமணத்தை முடித்துவிட்டு ஓலை வாசிப்பதைப் போன்றதன்றோ இது! அவ்வனுமதி செல்லாது என 2015 டிசம்பரில் ஹவாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-இல் புதிய அனுமதி கிடைத்தது. 2018-இல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆயினும் 2019 ஜூலையில் ஆயிரக்கணக்கானோர் மலைப்பாதையில் கூடினர். முப்பதுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியோர். அத்தொலைநோக்கி இன்றுவரை அங்கு எழவில்லை.

இது யாரோ எவரோ செய்தது என்று நாம் ஒதுங்க இயலாது. இத்திட்டத்தில் இந்தியாவும் பங்காளி. நம் காவலூரில் தொலைநோக்கிகளை நடத்தும் நிறுவனமே, அக்கண்ணாடியின் பகுதிகளை மெருகிடுவதற்கெனப் பெங்களூரை அடுத்த ஓசகோட்டேயில் ஒரு கூடம் அமைத்திருக்கிறது. திருச்சபைக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. 1993-இல் வத்திக்கான் வானாய்வுக்கூடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக் கிரகாம் மலையில் தன் தொலைநோக்கியைத் திறந்தது. அம்மலை தங்களுக்குப் புனிதமானது என்று அபாச்சி மக்களுள் பலர் முன்னரே முறையிட்டிருந்தனர். பழங்குடியினரின் நிலத்தைப் பாதிக்கும் பெருந்திட்டங்களில் முதன்மையாகக் கலந்து பேச வேண்டியது அவர்களிடமே என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் எழுதியதை இவ்விடத்தில் நினைவுகூர்கிறோம்.

விஞ்ஞானிகளும் கற்றுக்கொள்ளாமல் இல்லை. 2019 ஏப்ரலில் உலகம் வியந்து நோக்கிய கருந்துளையின் முதற்படத்துக்கு மௌனா கேயாவின் இரு தொலைநோக்கிகள் உதவின. வானியலார் ஹவாய் மொழிப் பேராசிரியர் லாரி கிமுராவை நாடினர். அவர் பழைய படைப்புப் பாடலிலிருந்து 'போவேஹி' என்னும் பெயரைத் தந்தார். நல்லதே. ஆயினும் பெயர் கேட்டவர்கள் இடத்தையும் இதே பணிவோடு கேட்டிருக்கலாகாதா என்று நம் மனம் வினவுகிறது.

2022-இல் இயற்றிய சட்டம், மலையின் நிர்வாகத்தைப் படிப்படியாகப் புதிய ஆணையம் ஒன்றிடம் ஒப்படைக்கிறது. அதில் ஹவாய் மரபைப் பேணுவோர்க்கும் இடமுண்டு. 2024-இல் இரு தொலைநோக்கிகள் முற்றிலும் அகற்றப்பட்டன. எஞ்சியவற்றின் குத்தகை 2033-இல் முடிகிறது. இம்முறை விண்ணப்பத்தோடு வருபவர்கள், மலையை உடன்பிறப்பாகக் கருதுவோரும் அமர்ந்திருக்கும் அவ்வாணையத்தின் முன் நிற்க வேண்டும்.